கோமதி மதினி சொன்னதும் நான் கண்டுபிடித்த காரணமும்

மனிதர்கள் எப்படியெல்லாம் தப்பாக யோசிக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்துச் சோறு தின்கிறவன் நான். வாரநாட்களில் கல்லூரியில் மனோதத்துவ வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சநல்லூரில் ஒரு வாடகை மாடியில், ‘தெளிவாக யோசிப்போம்’ என்று பெரியவர்களுக்காக ஒரு வகுப்பு. நடுநடுவே பள்ளிக்கூடம், வங்கி, வியாபாரிகள் சங்கம் என்று யார் கூப்பிட்டாலும் போய் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு ஒரு சால்வையோடு திரும்புவேன். வீட்டில் ஒரு பீரோ நிறையச் சால்வைதான் இருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களிடமும் என்றைக்காவது யாராவது, நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னால், “நீ ஏன் அப்படிச் சொல்லுதேன்னு எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்திருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபட்டிருக்காது. கோபப்பட்டால், “பாத்தியா, கோபம் வருது” என்பார்கள். பேசாமல் இருந்தால், “பாத்தியா, பதில் இல்ல” என்பார்கள். பட்டவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். இந்த வித்தையைத் திருநெல்வேலி வட்டாரத்தில் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், இதை ஒரு வாக்குமூலமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத பஸ்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குத் தொடங்குகிற பள்ளியை எட்டேகாலுக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு ஆசை. ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். ‘மாற்றத்தை ஏற்கும் மனம்’ என்று பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டார். நானும் போய், பழகியதை விட மனசு எப்படி முரண்டு பிடிக்கும், புதுசு என்றாலே எப்படிக் குறை தேடும் என்று வெளுத்து வாங்கினேன்.

கடைசியில் ஒரு கணக்கு டீச்சர் எழுந்து, எட்டேகாலுக்குத் தன்னால் வர முடியாது என்றார். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, “சார் சொன்னாருல்லா, பழகினத விட மனசு வராதுன்னு? டீச்சருக்கு அதுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மறுபடியும் வாயைத் திறந்தார். “பாருங்க சார், எதிர்ப்பு கூடுது” என்றார் தலைமையாசிரியர். நான் வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினேன். சிரிப்பு அடங்கும் வரைக்கும் அந்த டீச்சர் நின்றார். அப்புறம் பைய சொன்னார்: “மாற்றத்துல எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல சார். களக்காட்டுக்குத் தெக்க எங்க ஊரு, இங்க வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். அங்கன மொத பஸ்ஸே ஏழரைக்குத்தான் வருது.”

படித்துறையும் சோப்பும்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்லூரி மாணவர்களுக்கு விவாதப் போட்டி. நான் நடுவர். ஆற்றுப் படித்துறையில் சோப்புப் போட்டுக் குளிப்பதையும் துவைப்பதையும் தடை செய்யலாமா, கூடாதா என்பது தலைப்பு. மண்டபத்திலிருந்து நாலு தெரு நடந்தால் ஆறு. முதலில் பேசியவன், எதிரணிக்கு விஷயம் குறைவு, அதனால்தான் தைரியம் அதிகம் என்று ஆரம்பித்தான். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் தன்னம்பிக்கை கூடும் என்று நான் எங்கேயோ பேசிய வீடியோவிலிருந்து எடுத்தது அது. அடுத்து வந்த பெண், அடுத்தவரை அரைகுறை என்று நினைப்பதுதான் அரைகுறையின் முதல் அடையாளம் என்றாள். கைதட்டல். மூன்றாவது ஆள் அவளுடைய மனசை ஆராய்ந்தான். நாலாவது ஆள் மூன்றாவது ஆளின் மனசை ஆராய்ந்தான்.

நானும் ரசித்துக் கேட்டு மார்க் போட்டேன், சும்மா சொல்லக் கூடாது. பரிசு கொடுத்து முடித்துக் கீழே இறங்கும்போது, மைக் செட் போட வந்தவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஆறு பேரு பேசுனாங்க சார். ஒருத்தராவது ஆத்தப் பத்திப் பேசுவாங்கன்னு பாத்தேன்.”

ஒரு செவரு

இனி சங்கரலிங்கம் அண்ணாச்சி. தச்சநல்லூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் கூடத் தவறாமல் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, வண்ண அட்டைகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுப்பார். அவருக்கு ரொம்பப் பிடித்த பாடத்துக்கு நான் ‘பொறுக்கல்’ என்று பேர் வைத்திருந்தேன். நமக்கு ஒத்துவருகிற சாட்சியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஒத்துவராததைக் கண்டுகொள்ளாமல் விடுவது. எல்லாரிடமும் உள்ள குணம்தான். மனோதத்துவக்காரர்கள் சொல்வதில் பத்துக்கு எட்டு சந்தேகத்துக்குரியது என்றாலும் இது உண்மை. அதனால்தான் இது ஆபத்தும் கூட.

அண்ணாச்சி கையில் அது சிக்கியதும் கடைக்கு வருகிறவர்கள் பாடு திண்டாட்டம் ஆகிவிட்டது. ஒருநாள் நான் இருக்கும்போதே ஒருவர் வந்து, வாங்கிப் போன பெயின்ட் ஒரே மாதத்தில் உரிந்துபோச்சு என்றார். அண்ணாச்சி நாற்காலியை நகர்த்திப் போட்டு, “உரிஞ்ச எடத்த மட்டும் பொறுக்கி எடுத்துட்டு வந்து நிக்கீரு. நல்லா ஒட்டியிருக்க செவரு உம்ம கண்ணுல படலையா வே?” என்று கேட்டுவிட்டு என்னைப் பெருமையோடு பார்த்தார். வந்தவர் சொன்னார்: “அண்ணாச்சி, நான் அடிச்சதே ஒரு செவருதான்.”

எண்ணிட்டா போச்சு

ஒரு நாள் அண்ணாச்சி என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனார். கடைக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவர் வீட்டம்மா கோமதி மதினி அதிகம் பேச மாட்டார். சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறிவிட்டு, மோர் ஊற்றும்போதுதான் சொன்னார்: “சார், இவுகளுக்கு எடது பக்கம் ஒழுங்காத் தெரியலைன்னு நெனைக்கேன். வாசல் நிலையில இடிக்காவ. எடது பக்கம் தண்ணிச் செம்பு வச்சாத் தட்டி விடுதாவ. இந்தக் கண்ணோட ஸ்கூட்டர் வேற ஓட்டுதாவ. ஒருதரம் கண்ணு டாக்டர்கிட்ட காட்டுவோம்னா வர மாட்டேங்காவ.”

அண்ணாச்சி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பொறுக்கல்” என்றார். “இடிச்ச நாள மட்டும் எண்ணுதா. இடிக்காம நான் எத்தன தரம் நிலையத் தாண்டுதேன், அத எண்ணுதாளா? வலது பக்கம் இடிச்சா அது கணக்குல வருமா?” எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. சொல்லிக்கொடுத்த பாடத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் திருப்பிச் சொன்னதில்லை. “அண்ணாச்சி கேக்கறது நியாயந்தான் மதினி” என்று ஒரு சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்தேன். மதினி மோர்ச்செம்பைக் கீழே வைத்தார். “அப்ப ரெண்டு பக்கத்தையும் எண்ணணும். அதான சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சரி, எண்ணிட்டா போச்சு.”

நாள்காட்டிக் கோடுகள்

மூன்று வாரம் கழித்துக் கோமதி மதினி வகுப்புக்கே வந்துவிட்டார். நாற்பது பேர் இருந்த அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேள்வி நேரத்தில் எழுந்தார். கையில் சமையலறை மாத நாள்காட்டி. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சில் கோடுகள். இடப்பக்கம் இடித்தால் கட்டத்தின் இடது ஓரத்தில், வலப்பக்கம் இடித்தால் வலது ஓரத்தில். இடது ஓரமெல்லாம் கோடு. வலது ஓரத்தில் அந்த மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கோடு. அதுவும் பால்காரர் சைக்கிளைக் குறுக்கே விட்ட அன்றைக்கு என்றார். அவ்வளவு நேர்மையாக எண்ணியிருந்தார்.

அண்ணாச்சி முதல் வரிசையிலிருந்து திரும்பி, “கோடு போட்டது யாரு? அவதான?” என்றார். சிரிப்பு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டிய வேலை சின்ன வேலை. அண்ணாச்சியை எழுப்பி நிற்க வைத்து, இடப்பக்கம் ஒரு விரலைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டிருக்கலாம். ஆனால் என் தொழிலில் ஒரு வியாதி உண்டு. ஒருத்தர் ஒன்று சொன்னால் எங்கள் கண் அவர் சொன்னதன் மேல் போகாது, அவர் மேல்தான் போகும். அண்ணாச்சியின் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் பார்வை இல்லை, மதினிதான் கையைப் பிடித்து நடத்தினார் என்று அண்ணாச்சி எப்போதோ சொல்லியிருந்தார். அதை எடுத்தேன். “மதினி, ஆறு வருஷம் கண்ணு தெரியாதவர நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்க. அந்தப் பயம் மனசுல தங்கிப் போச்சு. அதான் அண்ணாச்சி தடுக்குனாலும் ஒங்களுக்கு மாமனார் ஞாபகம் வருது” என்றேன். குரலில் கருணை வேறு. வகுப்பு கைதட்டியது. மதினி நாள்காட்டியைச் சுருட்டிக்கொண்டார். படி இறங்கும் முன்னால் திரும்பி, சண்டைக்கு இழுக்காத குரலில் சொன்னார்: “ஆமா சார், மாமா ஞாபகந்தான் வருது. அவுகளும் மொதல்ல இப்படித்தான் நிலையில இடிச்சாவ.”

பச்சை அட்டை

அந்தப் பதில் என் காதில் நன்றாக விழுந்தது. அதையும் என் காரணத்தோடு சேர்த்துக்கொண்டேன். பாருங்கள், பயம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேர் சொல்லாமல், இதை ஓர் உதாரணமாகப் பலகையில் எழுதிக்கூடப் போட்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

மதினி வகுப்புக்கு வந்து பத்து நாள் போயிருக்கும். வீட்டு கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு வண்ண அட்டையை நீட்டி, “இந்தப் பச்சை இருக்கா?” என்றேன். “எந்தப் பச்சை? அட்டையக் காட்டும்” என்றார். அட்டை அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னும் நீட்டினேன். “காட்டும் வே” என்றார் மறுபடியும். அட்டையை அப்படியே பைய முன்னால் நகர்த்தினேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், “இதுவா, இருக்கே” என்றார். வலப்பக்கம் போய் நின்று அதே அட்டையை நீட்டினேன். காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மூன்று தரம் மாற்றி மாற்றிச் செய்தேன். பெயின்ட் கடையில் பச்சை அட்டையை வைத்துக்கொண்டு நான் ஆடிய அந்த ஆட்டத்தை நின்று பார்க்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஸ்கூட்டர் எடுக்காதிய. ரெண்டு பேரும் ஆட்டோல கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே திருப்பி வைத்தார்: “அவ பயம் உமக்கும் ஒட்டிக்கிட்டு, பாத்தீரா வே?”

வீட்டுல யாரும் சொல்லலையா

நல்ல வார்த்தை சொல்லி, கெஞ்சி, கடைசியில் வகுப்பையே மூடிவிடுவேன் என்று மிரட்டித்தான் கூட்டிப் போனேன். மதினியும் வந்தார். அங்கே ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, சுற்றிலும் புள்ளி வெளிச்சம் தோன்றும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி வெளியே வந்து, “மிஷின் சரியில்ல. எடது பக்கம் ஒரு லைட்டும் எரியல” என்றார். மதினி கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அச்சடித்த தாளைக் காட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் நடுவில் மட்டும் ஒரு திட்டு வெள்ளை, மிச்சமெல்லாம் கறுப்பு. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது இடது ஓரத்தில், கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போகிற நோய். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், ஆயுசுக்கும் விட வேண்டும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். “எங்கப்பாவுக்குக் கடைசில பார்வை இல்ல. வயசுன்னு விட்டுட்டோம்” என்றார் அண்ணாச்சி. இது பரம்பரையில் வரக்கூடியது, அப்பாவுக்குப் போனபோதே பிள்ளைகள் வந்து காட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மதினி சொன்னதைத் தள்ளுவதற்கு நான் எதைக் காரணமாகக் காட்டினேனோ, அதுதான் அவர் சொன்னதற்கு இருந்த முதல் சாட்சி. மாமனாரைப் பார்த்துக்கொண்டதால் அவருக்குப் பயம் வந்திருந்தது, உண்மைதான். மாமனாரைப் பார்த்துக்கொண்டதால்தான் அவருக்கு இந்த நோயின் நடையும் தெரிந்திருந்தது. ஒரு நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அது தப்பென்று ஆகிவிடாது என்பதை, இருபது வருஷம் பாடம் நடத்தியும் நான் ஒருநாள் கூடப் பலகையில் எழுதியதில்லை. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: “இவருக்கே தெரிஞ்சிருக்காது. தெரியாத எடத்த மூளை தானா நிரப்பிக்கும். கூட இருக்கவங்கதான் மொதல்ல கண்டுபிடிப்பாங்க. வீட்டுல யாரும் சொல்லலையா?”

எடது பக்கம்

ஒரு வாரம் எனக்கு அந்த வீட்டுப் பக்கம் போக முகம் இல்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் போனேன். அண்ணாச்சி நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருக்க, மதினி சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் துணி போட்டு மூடி மூலையில் நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடியபடியே, “வாரும் வே. இப்ப நடந்துதான் கடைக்குப் போறேன். இவ கூட வாரா. எடது பக்கம் அவ பொறுப்பு” என்றார். கல்யாணமான நாற்பது வருஷத்தில் அவர் தன்னிடம் எதையும் ஒப்படைத்துப் பேசியதே இல்லை என்று மதினியே பின்னால் சொன்னார், சிரித்துக்கொண்டு.

நான் மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளபடியே சொன்னால், என் வகுப்பில் பொறுக்கலைச் சரியாகப் படித்த ஒரே ஆள் நீங்கள்தான், நீங்கள் மட்டும்தான் இரண்டு பக்கத்தையும் எண்ணினீர்கள் என்றேன். அந்த மூன்று வாரமும் அதற்குப் பிறகு பத்து நாளும் என்னால் போனது, அந்த நாட்களில் எவ்வளவு பார்வை போயிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னேன். மதினி மருந்துப் புட்டியை மூடி, அண்ணாச்சி கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நான் ஏன் சொல்லுதேன்னு ரெண்டு பேரும் நல்லா ஆராஞ்சிய சார். சொன்னது நெசமான்னுதான் ஒருத்தரும் பாக்கல.”

மனிதர்கள் எப்படித் தப்பாக யோசிக்கிறார்கள் என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், அவர்கள் சில நேரம் சரியாகவும் சொல்லக்கூடும் என்பதை ஒரு பச்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் கடையில் நின்றுதான் படித்தேன்.